ஊர்ப்பள்ளியை வெறுமையாக்குவோர் யார்?

பள்ளிக்கூடம் ஒருநாளில் மூடப்படுவதில்லை. முதலில் அதன் ஆசிரியருள் ஒருவர் வேற்றூருக்கு மாற்றப்படுவார், அவ்விடம் நிரப்பப்படாது. பின்னர்க் கூரை ஒழுகும். கழிப்பறைக்கு நீர் வாராது. அதன்பின் பெற்றோர் ஒருவர்பின் ஒருவராகத் தம் பிள்ளைகளை மஞ்சள் வண்டியில் ஏற்றி வெளியூர்த் தனியார் பள்ளிக்கு விடுப்பர். எஞ்சியோர் பத்துப்பேர், ஐந்துபேர் என்று சுருங்கிய பிறகு, “மாணவர் இலர்; ஆகவே பள்ளி தேவையில்லை” என்று ஓர் ஆணை வரும். அவ்வாணையிற் கண்ட எண்ணிக்கை பொய்யன்று. ஆனால் அவ்வெண்ணிக்கை விளைவேயன்றிக் கரணியம் ஆகாது. விளைவைக் கரணியமாகக் காட்டிப் பள்ளியைப் பூட்டுவது, ஒருவனைப் பட்டினி போட்டவனே, “இவன் மெலிந்துவிட்டான், இவனுக்கு உணவு எதற்கு?” என்று கேட்பதை ஒக்கும்.

தமிழகத்தின் ஊர்ப்பள்ளிகள் மெலிந்த வரலாறு அண்மைக்காலத்தது. 2012-13ஆம் கல்வியாண்டு தொடங்கி, அரசுப் பள்ளிகளிலேயே முதல் வகுப்பிலிருந்து ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருக்கப்பட்டன. மாணவரைத் தக்கவைக்கும் வழி இதுவே என்று அந்நாளில் சொல்லப்பட்டது. நேர்ந்ததென்ன? தமிழ்வழி தாழ்ந்தது என்று அரசே ஒப்புக்கொண்டதாகப் பெற்றோர் கருதினர். ஆங்கிலமே உயர்வென்றால் அதனைத் தனியாரிடமே பெறுவோம் என்று அவர்கள் எண்ணியதில் வியப்பில்லை.

அடுத்து வந்தது, 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் ஒதுக்கிய 25 விழுக்காட்டு இடம். ஏழைப் பிள்ளைக்கு நன்மை செய்வதாகவே அப்பிரிவு தோன்றும். ஆயின் அப்பிள்ளைக்குரிய கட்டணத்தை எட்டாம் வகுப்பு வரை தனியாருக்குச் செலுத்துவது அரசு. மூன்று, நான்கு அகவையிலேயே மழலையர் வகுப்பில் பிள்ளை சேர்ந்துவிடுகிறது. அரசுத் தொடக்கப் பள்ளியின் கதவோ ஐந்து அகவையில்தான் திறக்கும். 2019இல் 2,381 இடங்களில் அரசே மழலையர் வகுப்புகளைத் தொடங்கியது. பல்லாயிரக்கணக்கான தொடக்கப் பள்ளிகள் உள்ள நாட்டில் அது கடலிற் கரைத்த பெருங்காயமே. இவ்வாறு மக்கள் வரிப்பணமே மக்கள் பள்ளியிலிருந்து பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்கிறது.

எஞ்சிய பள்ளியின் வகுப்பறையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பது அச்சட்டத்தின் கணக்கு. ஐந்து வகுப்புகளுக்கு இருவர்! ஒருவர் பயிற்சிக்கோ மருத்துவ விடுப்பிலோ சென்றுவிட்டால் ஒருவரே ஐந்து வகுப்பு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ‘அ’ எழுதக் கைபிடித்துக் கொடுக்கவேண்டிய அதே நேரத்தில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வகுத்தற் கணக்கில் தடுமாறி நிற்கும். இவற்றுக்கிடையே வருகைப் பதிவேடு, உணவுக் கணக்கு, கைப்பேசியில் ஏற்றவேண்டிய புள்ளிகள் எனப் பாடமல்லாப் பணிகள் வேறு. இந்நிலையிற் பிள்ளை படிக்கத் தெரியாமல் வெளியேறினால், “தமிழ்வழியிற் படித்ததால் கெட்டான்” என்று ஊர் பேசும். ஆசிரியர் இல்லாக் குறை மொழியின் தலையிற் சுமத்தப்படும்.

கட்டடங்களின் நிலையோ உயிரைக் காவு கொள்வது. 2004 சூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் நெருக்கடியான ஒரு பள்ளிக் கட்டடத்தின் ஓலைக்கூரை தீப்பற்றி 94 பிள்ளைகள் மாண்டனர். 2021 திசம்பர் 17ஆம் நாள் நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர் மடிந்தனர். அதன்பின்னரே மாநிலமெங்கும் பழுதுற்ற பள்ளிக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. இடித்தது சரியே. ஆனால் இடித்த இடத்தில் புதுக்கட்டடம் எழும்வரை பல ஊர்களில் பிள்ளைகள் மரத்தடியிலும் பொதுக்கூடங்களிலும் அமர்ந்தனர். 2022இல் பேராசிரியர் அன்பழகனார் பெயரால், ஐந்தாண்டுகளில் 7,000 கோடி உருபாச் செலவிடும் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. நல்ல திட்டம். ஆயின் கட்டடம் முடியும் முன்பே மரத்தடிப் பள்ளியை விட்டுப் பிள்ளைகள் போய்விட்டால், புதுக்கட்டடம் யாருக்கு?

தில்லியின் போக்கோ வேறொன்று. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இந்தியாவில் 1,08,017 ஓராசிரியர் பள்ளிகள் உள்ளன என்று கணக்குக் காட்டிச் சிறு பள்ளிகளைப் பொருளியலுக்கு ஒவ்வாதன என்கிறது. அவற்றைத் தொகுத்து ஆளும் வழியை முன்வைக்கிறது. அவ்வழி எங்குச் சென்று முடியும் என்பதை உத்தரப்பிரதேசம் காட்டியது: 2025இல் ஐம்பதுக்குக் குறைந்த மாணவருள்ள பள்ளிகளை அருகிலுள்ள பள்ளிகளோடு இணைக்க அங்கு ஆணை பிறந்தது. அக்கொள்கையை ஏற்க மறுத்தமைக்காகத் தமிழகத்துக்கு 2024-25ஆம் ஆண்டுக்குரிய 2,152 கோடி உருபாவை நடுவணரசு நிறுத்தி வைத்தது என்பது தமிழக அரசின் குற்றச்சாட்டு. மாநிலத்தார் செலுத்திய வரியையே மாநிலத்தின் கழுத்திற் சுருக்காக இடும் கொடுமை இது. எனினும், தில்லியை எதிர்த்துக் குரல் எழுப்பும் கைகளே இங்கு ஊர்ப்பள்ளியைத் தேயவிடுமாயின், அக்குரலுக்கு வலிமை ஏது?

சிறு பள்ளிகளை இணைத்தால் ஆசிரியர் பெருகுவர், ஆய்வகமும் நூலகமும் கிட்டும் என்று சிலர் கூறுவர். ஆறாம் வகுப்புக்கு மேல் அக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் ஐந்து அகவைப் பிள்ளையின் கால்களுக்கு அது பொருந்தாது. ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்கவேண்டும் என்று நெறி வகுக்கப்பட்டதும் அதனாலேயே. விடியலில் கூலிவேலைக்குச் செல்லும் தாய், பிள்ளையை அடுத்த ஊரில் விட்டுவர இயலாது. தொலைவு கூடின் முதலில் நிற்பவள் பெண்பிள்ளை. பிறப்பு குறைந்துவிட்டது என்பதும் மெய்யே. தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் பிள்ளைகள் 1.4 என்னும் அளவுக்கு 2020லேயே இறங்கிவிட்டது. பிள்ளைகள் குறைந்த காலமே வகுப்புக்கோர் ஆசிரியரைத் தர வாய்த்த காலம். அவ்வாய்ப்பைப் பூட்டுப் போடப் பயன்படுத்துவது அறமாகாது.

காமராசர் முதலமைச்சராக விளங்கிய 1954 முதல் 1963 வரையிலான காலத்திலும் ஓராசிரியர் பள்ளிகள் இருந்தன. அன்று அவை பள்ளியே காணாத ஊர்களில் ஊன்றிய நாற்றுகள். இன்றைய ஓராசிரியர் பள்ளிகளோ பட்டுப்போகும் மரத்தின் கடைசிக் கிளைகள். அன்று நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்து நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊர்மக்களே பலகையும் கட்டடமும் பொருளும் வழங்கினர். பள்ளியைத் தம் உடைமையாக ஊரார் கருதியதால் அது வாழ்ந்தது.

இன்று தமிழ்ப்பற்றாளர் முன் நிற்கும் கடமையும் அதுவே. தமிழ்வழிப் படித்தார்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு ஒதுக்கும் சட்டம் 2010இல் வந்தது. தமிழ்வழிப் பள்ளிகளே அருகிவிட்டால் அவ்விடங்களைப் பெற வருவோர் யார்? மேடையில் தமிழ் முழங்கிவிட்டுத் தம் மக்களையும் பெயரரையும் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவோர், ஊர்ப்பள்ளியின் எண்ணிக்கை குறைந்தது பற்றிப் பேசத் தகுதியற்றவர்.

பிள்ளையுடையோர் தம் பிள்ளையை ஊர்ப்பள்ளியிற் சேர்க்க. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராதல் வேண்டும் என்பது சட்டம். அக்குழுவில் இடம்பெற்று, நிரப்பப்படாத ஆசிரியர் பணியிடத்தையும் பழுதுற்ற சுவரையும் எழுத்தில் வைக்க. மே முதல் நாளிலும் ஆகத்து பதினைந்திலும் கூடும் ஊரவைகளில், “வகுப்புக்கோர் ஆசிரியர்; ஒரு கிலோமீட்டருக்குள் தமிழ்வழித் தொடக்கப் பள்ளி” என்னும் முடிவை ஊர்தோறும் நிறைவேற்றுக. தனியாருக்குச் செல்லும் கட்டணப் பணத்தை ஊர்ப்பள்ளிக்கே திருப்புமாறு அரசை வற்புறுத்துக. பூட்டு விழுந்தபின் போராடுவதினும், ஓர் ஆசிரியர் பணியிடம் வெறுமையாகும் அன்றே ஊர் திரண்டு கேட்பது எளிது, பயனும் மிகுதி.