கேபின் தொட்டி சரக்குக் கணக்கில் வராது

2022 ஏப்ரலில் இந்திய விமானப் படையின் சினூக் ஹெலிகாப்டர் ஒன்று சண்டிகரிலிருந்து ஜோர்ஹாட் வரை 1,910 கி.மீ. தூரத்தை எங்கும் இறங்காமல் ஏழரை மணி நேரத்தில் கடந்தது. அதன் பக்கவாட்டுத் தொட்டிகள் கொள்வது ஏறத்தாழ 3,900 லிட்டர்தான். அதை நம்பிப் புறப்பட்டால் பாதித் தூரம்கூடப் போக முடியாது. கேபினுக்குள் கூடுதல் தொட்டி ஏற்றாமல் அந்தப் பயணம் நடந்திருக்காது. சினூக்கின் தரையில் 800 அமெரிக்க கேலன் தொட்டிகள் மூன்று வரை வைக்கலாம். நிரப்பினால் எரிபொருளே ஏழு டன்னைத் தாண்டும். நம் பகுதியில் அதிகம் புழங்கும் மி-17இல் அளவு சிறியது: 915 லிட்டர் தொட்டி ஒன்றோ இரண்டோ.

ஃபோர்க்லிஃப்டில் வந்து, தரையில் அமர்ந்து, பட்டையால் கட்டப்படுவதால் இந்தத் தொட்டியைச் சரக்கு என்று நினைக்கும் வழக்கம் பல ஹேங்கர்களில் இருக்கிறது. கட்டுபவர் ஒருவர், குழாய் மாட்டுபவர் இன்னொருவர், முழு வேலைக்கும் பொறுப்பாகக் கையெழுத்திடுபவர் யாருமில்லை. இந்த இதழ் இதை ஏற்கவில்லை. தொட்டி உள்ளே வந்த நிமிடத்திலிருந்து அது ஹெலிகாப்டரின் எரிபொருள் அமைப்பில் ஒரு பகுதி.

சரக்குக் கட்டும்போது முன்நோக்கிய விசைக்கு 4 ஜி என்று கணக்கிடுவது ராணுவ வழக்கம். பெரிய ஹெலிகாப்டர்களுக்கான அமெரிக்க விதி 29.952 கேபினுக்குள் இருக்கும் எரிபொருள் தொட்டிக்குக் கேட்பது முன்நோக்கி 16 ஜி, கீழ்நோக்கி 20 ஜி. இந்த அளவுகோலை மி-17 தொட்டியின் மேல் வைத்துப் பாருங்கள். 915 லிட்டர் எரிபொருள் 730 கிலோ. 4 ஜியில் அது மூன்று டன்னுக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். 16 ஜியில் பன்னிரண்டு டன்னை நெருங்கும், தொட்டியின் சொந்த எடை தனி. தொட்டியை 80 சதவீதம் நீரால் நிரப்பி 50 அடி உயரத்திலிருந்து போட்டும் கசியக்கூடாது என்கிறது அதே விதி. வியட்நாம் போரில், ஹெலிகாப்டர் விழுந்தபோது உயிர் பிழைத்தவர்கள் பின்னர் தீயில் மடிந்த அனுபவம் இதன் பின்னால் இருக்கிறது. 1970 முதல் யூஎச்-1 ஹெலிகாப்டர்களில் கிழியாத தொட்டிகளும், அறுந்தால் தானே மூடிக்கொள்ளும் வால்வுகளும் வந்த பிறகு அத்தகைய மரணங்கள் ஏறக்குறைய இல்லாமல் போயின. பீப்பாயைக் கட்டிக் கைப்பம்பு மாட்டி ஒப்பேற்றலாம் என்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

விமான எரிபொருளான ஏடிஎஃப்பின் தீப்பற்று வெப்பநிலைக்கு விதிக்கப்பட்ட கீழ் வரம்பு 38 டிகிரி. மே மாத வெயிலில் கதவு மூடி நிற்கும் கேபின் அதை எளிதாகத் தாண்டும். குளிர்நாட்டில் துடைத்துவிட்டுப் போகும் ஒரு சொட்டுக் கசிவு, சூலூரிலோ அனுராதபுரத்திலோ எரியக்கூடிய ஆவி. ஆகவே பாண்டிங் ஒயரை மாட்டாமல் ஹோஸைத் தொடக்கூடாது. வென்ட் குழாய் வெளியே திறக்கிறதா என்று கண்ணால் பார்த்தாக வேண்டும். வென்ட் அடைபட்டால் எரிபொருள் இறங்கும் இடத்துக்குக் காற்று வராது, ஓட்டம் நின்றுவிடும்.

அப்படி ஓட்டம் நிற்பது கடல்மேல் நடந்தால்? அதிகம் பேசப்படாத ஆபத்து இதுதான். கேபின் எரிபொருள் பிரதானத் தொட்டிக்கு மாறும் வரை அது வெறும் சுமை. பிரதானத் தொட்டி பாதியான பிறகே வால்வைத் திறக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அப்போது பம்பு இயங்கவில்லை என்றால் திரும்புவதற்கான எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கும், பயன்படாத முக்கால் டன்னையும் சுமக்க வேண்டியிருக்கும். பிரதானத் தொட்டியில் கொஞ்சம் இடம் விழுந்ததுமே மாற்றத் தொடங்குங்கள். கேபின் அளவு இறங்க, பிரதான அளவு குறையாமல் நிற்பதைப் பத்து நிமிடமாவது கவனியுங்கள். ஓட்டம் எஞ்சின் குடிப்பதைவிட வேகமாக இருந்தால் பிரதானத் தொட்டி நிரம்பி வென்ட் வழியே வெளியே கொட்டும். அதனால் வால்வைத் திறந்துவிட்டு மறந்துவிடவும் முடியாது. திரும்பும் எல்லையைப் பிரதானத் தொட்டியை மட்டும் வைத்துக் குறியுங்கள். அந்த எல்லைக்குள் மாற்றம் உறுதியாகவில்லை என்றால் திரும்பிவிட வேண்டும், அன்றைய பயணத்தின் அவசரம் எதுவானாலும்.

எடைமையமும் இதோடு நகரும். இரு ரோட்டர் கொண்ட சினூக் பெரிதும் பொறுத்துக்கொள்ளும். ஒற்றை ரோட்டர் மி-17இல் அந்தச் சலுகை குறைவு. தொட்டி நிறைந்த நிலை, காலியான நிலை இரண்டுக்கும் தனித்தனியே கணக்குப் போட வேண்டும். இடையில் மாற்றம் நின்றுபோன நிலைக்கும் ஒன்று போட்டு வைப்பது நல்லது; பெரும்பாலான லோட் ஷீட்டுகளில் அதற்குக் கட்டமே இல்லை.

கழற்றும் வேலையையும் அவசரப்பட்டு முடிக்கக்கூடாது. வடித்த தொட்டியில் மிஞ்சும் ஆவி, நிறைந்த தொட்டியைவிட எளிதில் வெடிக்கும். திறந்திருக்கும் இணைப்புகளுக்கு மூடி போட்டு, கசிவுச் சோதனை செய்து, புதிய காலி எடையைப் பதிவேட்டில் எழுதிய பிறகே அடுத்த பயணத்துக்கு ஹெலிகாப்டரைக் கொடுங்கள்.