மலையில் பெட்டி வேண்டாம்!

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

புதையலைப் பூதம் காக்கும் என்பார்கள் நம் கிராமத்துப் பெரியவர்கள். பூதம் காக்காத புதையல் ஒன்று இன்று உலகெங்கும் தேடப்படுகிறது. அதன் பெயர் ஜியோகேச்சிங். ஒருவர் சிறு பெட்டியில் ஒரு குறிப்பேட்டை வைத்து எங்கேனும் மறைத்துவிட்டு, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை வெளியிடுகிறார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். துணையுடன் தேடிக் கண்டுபிடித்து, பெயரெழுதி, பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வருகிறார்கள்.

ஜி.பி.எஸ். குறிகளில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே புகுத்தி வந்த பிழை 2000 மே 2 அன்று நீக்கப்பட்டது. அதுவரை நூறு மீட்டர் வரை தவறிய கணக்கு, பத்திருபது மீட்டருக்குள் அடங்கியது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியை மறைத்து வைத்து இவ்விளையாட்டைத் தொடங்கினார்.

இதன் பின்னாலுள்ள விஞ்ஞானம் வியப்பிற்குரியது. நான்கு செயற்கைக்கோள்களின் குறிகள் வந்து சேரும் நேரத்தைக் கொண்டே நம் இடம் கணிக்கப்படுகிறது. ஐன்ஸ்டீனின் சார்பியல் கொள்கைப்படி, செயற்கைக்கோளின் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோ வினாடி முந்துகிறது. அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் பதினோரு கிலோமீட்டர் பிழை சேர்ந்துவிடும்! எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தை விசைத்தறித் தொழிலாளி. அவர் பேசுவதற்கு மட்டுமே பயன்படுத்தும் செல்போனுக்குள் இத்தனை இயற்பியல் இருப்பதை அறிந்தபோது பெருமிதம் கொண்டேன். கட்டணமின்றி ஏழை மாணவனும் ஆடக்கூடிய ஆட்டம் இது. ஆகவே இதை வெறுப்பவனல்லன் நான்.

ஆனால், மேற்கே தெரிகிறதே மலை, அங்கே பெட்டிகளை ஒளித்து வைக்கலாம் என்று சில நண்பர்கள் ஆசைப்படுகிறார்கள். அங்குதான் நான் மாறுபடுகிறேன்.

முதற்காரணம் விஞ்ஞானமே. அடர்ந்த மரக்கூரையும் செங்குத்துச் சரிவும் குறிகளை மறைக்கும். பாறையில் பட்டுத் திரும்பும் குறிகள் கணக்கைக் குழப்பும். பத்து மீட்டர் பிழை என்றே வைத்துக்கொள்வோம். தேட வேண்டிய வட்டத்தின் பரப்பு 314 சதுர மீட்டர். வருகிறவரெல்லாம் அவ்வட்டத்தில் ஒவ்வொரு கல்லையும் புரட்டுவார்கள், செடியை விலக்குவார்கள். கல்லுக்கடியில் குடியிருக்கும் தவளைக்கும் பாம்புக்கும் அது வீடல்லவா? அல்மரின் வாளியில் உணவு டப்பா ஒன்றும் இருந்ததாம். இன்று அவ்விளையாட்டின் விதிகளே பெட்டியில் உணவு கூடாதென்கின்றன. வாசனைக்கு விலங்குகள் வந்துவிடும் என்பதே காரணம்.

இரண்டாவது, சட்டம். புளியங்குடி, சிவகிரிப் பகுதி மலைக்காடுகள் 2015 முதல் நெல்லை வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி அங்கே நுழையலாகாது. அது வெறும் காகிதச் சட்டமன்று. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மூண்ட காட்டுத் தீயில், மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மறக்க முடியுமா? யார் எங்கே இருக்கிறார் என்று தெரியாத காட்டில் யாரை யார் மீட்பது?

"காலால் மிதிக்காமல் காட்டின்மேல் அன்பு எப்படி வரும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வேலி போட்டு மூடிவிட்டால் மட்டும் மலை வாழ்ந்துவிடாது. அறியாததை யார் காப்பார்? அதற்கும் வழி இருக்கிறது. தமிழக அரசு 2024இல் நாற்பது மலையேற்றப் பாதைகளை அறிவித்தது. வழிகாட்டியுடன் அவற்றில் செல்லலாம். 2004 முதல் "எர்த்கேச்" என்ற பெட்டியில்லாத வகையும் உண்டு. குறித்த இடத்திற்குச் சென்று, பாறையையும் மண்ணையும் உற்று நோக்கிக் கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். அங்கே புதையல் அறிவு ஒன்றே!

அதை நாம் சமவெளியிலேயே தொடங்கலாமே. அருகிலுள்ள கழுகுமலையில், ஒரே பாறையைக் குடைந்து முடிக்காமலே விடப்பட்ட வெட்டுவான் கோயில் இருக்கிறது. சிற்பி மேலிருந்து கீழாகச் செதுக்கினான் என்பதற்கு அங்கே என்ன சான்று? இப்படியொரு கேள்வி போதும். நம் ஊர்க் கண்மாய்களின் மடைகளும் கலிங்குகளும் இத்தகைய கேள்விகளுக்காகக் காத்துக் கிடக்கின்றன. இயற்பியல் மாணவர் இடம் குறிக்கட்டும். வரலாற்று மாணவர் வினா எழுதட்டும். தாவரவியல் மாணவர் கரையின் மரங்களுக்குப் பெயர் சொல்லட்டும். பேராசிரியர்கள் வழிகாட்டினால் வரும் ஆண்டிலேயே இதைச் செய்துவிடலாம்.

மலையில் பிறக்கும் ஓடைகளால்தான் அடிவாரத்துக் குளங்கள் நிறைகின்றன. அந்த மலையிடமிருந்து எடுத்துக்கொண்டே வந்திருக்கிறோம். அங்கே கொண்டுபோய் வைப்பதற்கு நம்மிடம் பிளாஸ்டிக் பெட்டிதானா கிடைத்தது? வெறுங்கையோடு போவோம், அறிவோடு திரும்புவோம்!