மலாய், மலாயா, மலேசிய

“மலாய்”, “மலாயா”, “மலேசிய” என்னும் மூன்று அடைமொழிகளையும் நம்மவர் பலர் ஒன்றெனக் கருதி மாற்றி மாற்றி எழுதுகின்றனர். ஒலியில் இவை உடன்பிறப்புகள். பொருளில் வேறு வேறு.

“மலாய்” என்பது இனத்தையும் மொழியையும் குறிக்கும். “மலாயா” நிலத்தைக் குறித்தது. 1957 ஆகஸ்டு 31-ல் சுதந்திரம் பெற்ற நாடு அது. அங்கு வாழ்ந்த தமிழர் “மலாயாத் தமிழர்”. அவரை “மலாய்த் தமிழர்” என்பது பிழை. 1963 செப்டம்பர் 16-ல் மலேசியா பிறந்தது. “மலேசிய” என்ற அடைமொழி, இனம் எதுவாயினும் இந்நாட்டுக் குடிமக்கள் அனைவருக்கும் பொது.

ஊர்ப் பெயர் அடைமொழியாவது எளிதன்று. நம் மாநிலத்து மலாக்காச் செட்டிகளைப் பாருங்கள். சுல்தான்கள் காலத்தில் வாணிபத்துக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். வீட்டில் பேசுவது மலாய், வணங்குவது நம் தெய்வங்களை. “மலாக்கா” என்ற ஒரு சொல்லே அவர்களை நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது.

ரப்பர்த் தொழிலாளிக்குக் கிடைத்த அடைமொழி எது? 1896 வாக்கில் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் ரப்பர் நட்டார். அதன்பின் மாநிலமெங்கும் பரவிய தோட்டங்களில் காடு வெட்டி, பால் வெட்டி உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் நம்மவர். ஆனால் அவர்கள் “தோட்டத்து ஆள்” என்ற பெயரோடு நின்றனர். உழைப்பால் மலாயாவுக்குரியவர், பத்திரத்தில் அந்நியர்!

இதன் விலை 1969-க்குப் பின் தெரிந்தது. குடியுரிமை இல்லாதவருக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த பல ஆயிரம் பேர், பிள்ளைகள் கண்டறியாத தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினர். பத்திரமில்லாமையும் எழுத்தறியாமையும் ஆபீசுக்கு அலைய ஒரு நாள் சம்பளத்தை இழக்க இயலாமையும் அவர்களைத் தடுத்தன. சோம்பல் என்று அதைச் சொல்பவர் லயத்து வாழ்வை அறியாதவர்.

கிராணிமார்களே! பாரம் நிரப்பும்போது இனத்துக்குரிய இடத்தில் “இந்தியர்” என்றும், குடியுரிமைக்குரிய இடத்தில், உரிமை பெற்றவர்க்கு “மலேசியர்” என்றும் தெளிவாக எழுதிக் கொடுங்கள். ஒன்றை மற்றொன்றாக எழுதிவிடாதீர்கள்.

தொழிலாளத் தோழர்களே! பிள்ளையின் பிறப்பை உரிய நாளில் பதியுங்கள். பத்திரத்தைக் கறையானுக்குக் கொடுக்காதீர்கள். வீட்டில் சிவப்புக் கார்டோடு முதியவர் இருப்பின், இன்றே சங்கக் கிளைக்கு அழைத்து வாருங்கள்.

“மலேசிய” என்ற சொல் நாவில் இருந்தால் போதாது. கையில் பத்திரமாகவும் இருக்க வேண்டும்.