இயற்கையே கடவுளென்பார் கூற்று மறுப்பு

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரப் பகுதியில் உள்ளது மம்சாபுரம். முகட்டில் மேகம் படிந்துளதா, காற்று எத்திசையினின்று வீசுகின்றது என்பனவே இத்தகைய ஊர்களின் உழவர்க்கு நாட்பணியை வகுப்பன. மலையையும் மழையையும் மரநிழலையும் நாள்தோறும் கண்டு வாழ்வார் உள்ளத்தே ஓர் ஆறுதல் பிறத்தல் யாவரும் அறிந்ததே. அவ்வாறுதல் யாண்டிருந்து வருகின்றது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

ஒருசாரார், "மலையும் மழையுமே கடவுள், அவற்றைக் கண்டு மகிழ்தலே வழிபாடு, திருக்கோயிலும் திருநீறும் திருவைந்தெழுத்தும் எற்றுக்கு?" என்பர். மற்றொருசாரார், "அவையெல்லாம் வெறுஞ் சடப்பொருள்; மழை காற்றினாற் பெய்வது; அதன்கண் அருளைக் காண்டல் பேதைமை" என்பர். இவ்விரு கூற்றும் தம்முள் மாறுபட்டன போலத் தோன்றினும், காணப்படும் பொருளுக்கு அப்பால் ஒன்றில்லை என்னும் ஒரு பிழையினின்றே பிறந்தன.

மலையே கடவுளாயின், அதனை உடைத்துக் கல்லாக்குவோன் கடவுளை உடைத்தவனாதல் வேண்டும். கோடையிற் கண்மாய் வறளுங்கால் கடவுளும் வறண்டொழிதல் வேண்டும். மாறுவதும் சிதைவதும் அறிவிலதுமாகிய ஒரு பொருள், பிறிதோருயிரின் துயரை அறிதலும் அதனைத் தணிக்கக் கருதுதலும் எவ்வாறு கூடும்? வேம்பு நிழல் தருகின்றது. தன்கீழ் இருப்பவன் உழுது களைத்தவன் என்பதை அஃது அறியாது. அதனை வணங்கி, அதனை அமைத்தளித்த அறிவுடைப் பொருளை மறத்தல், சோறிட்டாரை விடுத்து அகப்பையைக் கும்பிடுதல் போலும்.

இனி, மழை காற்றினாற் பெய்வது என்பதைச் சைவர் மறுத்திலர். ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேல்பாலிலேயே பெருமழையைச் சொரிந்துவிடுதலின், கீழ்பாலிலுள்ள ஊர்களுக்குப் பெரும்பாலும் காற்றும் சாரலுமே எய்தும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யுங்காலே கண்மாய்கள் நிறையும். மழை ஓராண்டு குறையலாம், ஓராண்டு மிகலாம். பருவம் என்னும் முறைமையை நம்பியே உழவர் விதைக்கின்றனர். அறிவில்லாச் சடம் தானே ஒரு முறையை வகுத்துக்கொண்டு பிறர்பயன் கருதி இயங்குதல் யாண்டுங் கண்டதன்று. குடத்துக்கு மண் காரணமென்று காட்டினார், குயவனை மறுத்தவராகார். தோன்றி நின்று ஒடுங்கும் உலகைக்கொண்டே அதனைத் தொழிற்படுத்தும் ஒருவனது உண்மையை மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து முதற் சூத்திரத்தில் நிறுவியதும் இதுபற்றியே.

சித்தாந்தத் துணிபு யாதெனின், கூறப்படும். மாயை சடம், அதனை உயிர்களின் வினைக்கீடாகத் தனு கரண புவன போகங்களாய் விரித்தளிப்பவன் இறைவன். அவன் கலப்பினால் உலகேயாய், பொருட்டன்மையால் அதனின் வேறாய், இயக்குதலால் அதனோடு உடனாய் நிற்கின்றான். ஐம்பூதமும் ஞாயிறும் திங்களும் ஆன்மாவுமாகிய எட்டும் அவன் திருமேனி என்னும் அட்டமூர்த்தக் கொள்கையும் இதனையே வலியுறுத்தும். உடம்பையே உயிரென்றலும் பிழை. உடம்பின்கண் உயிரில்லை என்றலும் பிழை.

இதற்கு வலியதொரு தடை எழுப்பப்படும். சதுரகிரியிற் சுந்தரமகாலிங்கப் பெருமானை வழிபடச் சென்றாருட் சிலர், 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் மலையோடையிற் பெருகிய திடீர் வெள்ளத்தால் உயிர்நீத்தனர். "அருளின் திருமேனி அடியாரையே கொன்றதென்னை? இதுவோ நும் இறைவனது வாய்மை?" என வினவுவர். இத்தடையை எளிதென ஒதுக்குதல் அடாது. இறந்தாரது வினையைச் சுட்டி அமைதி கூறப் புகுதல் அதனினும் அடாது. பிறர் வினையை அளந்துரைக்க ஈசனல்லார்க்கு உரிமை இன்மையின், அஃது அவர்தம் சுற்றத்தார் புண்ணில் வேலெறிதலேயாம்.

விடை இதுவே. மேட்டிற் பெய்த நீர் பள்ளம் நோக்கிப் பாய்தல் நியதி. கண்மாயை நிறைப்பதும் அந்நியதியே. ஓடையைப் பெருக்கியதும் அந்நியதியே. ஆள் பார்த்துத் தன் இயல்பு மாறும் நீரை நம்பி எவரும் ஏர் பூட்டார். இறைவனது வாய்மையாவது, உடம்புக்கு இடர் நேராமை அன்று. உடம்பு வீழ்ந்தவிடத்தும் உயிரைக் கைவிடாமை. ஆறுதல் இயற்கையின்பாலதே யாயின் வெள்ளத்தன்று அஃது அற்றுப்போதல் வேண்டும்.

அற்றுப்போகாமைக்குச் சான்று திருநாவுக்கரசர் வரலாறு. ஏழு நாள் அவர் அடைபட்டிருந்த நீற்றறையுள் நிலவில்லை, தென்றலில்லை, நீர்நிலையுமில்லை. ஆண்டும் அவர் திருவடிநிழலிற் குளிர்ந்திருந்தார். அக்குளிர்ச்சியைப் பிறர்க்கு உணர்த்துதற்கே நிலவையும் தென்றலையும் உவமை கூறினார். உவமை பொருளாகாது என்பது முன்னையோர்க்கு விடை. அவ்வுவமையின்றி அப்பொருள் பிறர்க்கு விளங்காது என்பது பின்னையோர்க்கு விடை. அன்றாடம் நுகரும் தென்றல், திருவருளைக் கற்கும் அரிச்சுவடி, அரிச்சுவடியே நூலன்று, அதனைக் கிழிப்பார்க்கு நூலும் இல்லை.

சைவர் தம்மையும் இங்கு நோக்குதல் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு 1988இல் நரையணிலின் பொருட்டுச் சரணாலயமாயிற்று. 2021இல் புலிகள் காப்பகத்துள்ளும் சேர்க்கப்பட்டது. அவ்வணில் கிளைவழியே மரம் மாறி வாழ்வது. கிளைத்தொடர்பு அறின் அதன் வாழ்வும் தளரும். அட்டமூர்த்தி என நாவால் ஏத்திக்கொண்டே நெகிழிப்பையை மலையோடையில் எறிவார், மேலே மறுக்கப்பட்ட இருதிறத்தாரினும் தாழ்ந்தவர். அவர் அறியாது பிழைத்தனர், இவர் அறிந்தே பிழைக்கின்றனர்.

திருக்கோயில் எற்றுக்கு என வினவினார்க்கு இறுதியாகக் கூறுவது: மலையிலும் மழையிலும் பெயரின்றி எய்திய அருளுக்கு உரியவனைப் பெயர்கூறி அழைத்து நன்றி செலுத்துமிடம் திருக்கோயில். மடவார்வளாகத்து வைத்தியநாதப் பெருமான் சந்நிதியும் மேற்றிசை மலையும் ஒருவனையே காட்டுவன. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை இகழ்தல் சித்தாந்தமன்று.