கம்பி விலையும் கப்பல் சரக்கும்

அனுமந்தன்பட்டியில் நடவுக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் கூலிக்குப் போய்ச் சேர்த்த காசில் ஒரு மெத்தை வீடு கட்ட நினைக்கிறவரிடம், "வெளிநாட்டு இரும்புக்கு வரி போட்டுவிட்டார்கள், கம்பி விலை ஏறத்தான் செய்யும்" என்று யாரேனும் சொன்னால் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

வெளிநாட்டு உருக்கு வருவது மெய்தான். 2023-24ல் சுமார் 83 லட்சம் டன் வந்தது. ஏற்றுமதியோ 75 லட்சம் டன். மறு ஆண்டில் இறக்குமதி 95 லட்சம் டன்னாக உயர்ந்தது; ஏற்றுமதி 50 லட்சத்துக்கும் கீழே சரிந்தது. தென் கொரியா, சீனா, ஜப்பான் மூன்றிலிருந்துமே பெரும்பகுதி வந்தது. சீனாவில் வீடு கட்டும் தொழில் படுத்துவிட்டது. உள்ளூரில் விலைபோகாத உருக்கை அந்நாடு 2024ல் 11 கோடி டன் அளவுக்கு உலகச் சந்தையில் கொட்டியது.

ஆனால் தோழர்களே, நமக்கு வந்தது பெரும்பாலும் தகடும் சுருளும். மோட்டார் கார், குளிர்பெட்டி, குழாய் செய்கிற சரக்கு. தூணிலும் தளத்திலும் கட்டுகிற கம்பி ஏறத்தாழ முழுவதும் இந்த நாட்டிலேயே உருட்டப்படுவது. 2025 ஏப்ரலில் மத்திய சர்க்கார் போட்ட 12 சதவீதப் பாதுகாப்பு வரி தகட்டு வகைகளுக்குத்தான். கம்பிக்கு அந்த வரி இல்லை.

கம்பிக்காகக் கப்பலேறி வருபவை வேறு. ஊது உலைக்கு வேண்டிய நிலக்கரி ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல் வருகிறது, பெரும்பங்கு ஆஸ்திரேலியாவிலிருந்து. சிறு உலைகள் உருக்கும் பழைய இரும்பிலும் ஒரு பகுதி வெளிநாட்டுச் சரக்கே. அங்கே விலை ஏறினால் இங்கே கம்பியில் ஏற்றுகிறார்கள். அங்கே இறங்கினால் அதே வேகத்தில் இங்கே இறக்குகிறார்களா?

சோவியத் உதவியுடன் எழுந்த பிலாயில் 1959ல் முதல் உலை எரிந்த காலத்தில் உருக்கின் விலையைச் சர்க்கார் நிர்ணயித்தது. 1992ல் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். விலை கம்பெனிகளின் கைக்குப் போயிற்று. (நம் சேலத்து ஆலை எவர்சில்வர்த் தகட்டுக்கே ஆனது, கம்பிக்கு அதனால் பயனில்லை.) 2021ல் கோவை மாநகராட்சி ஒப்பந்தக்காரர் சங்கமே, உருக்குக் கம்பெனிகள் கூடிப் பேசி விலையை ஏற்றுகின்றன என்று நீதிமன்றம் போயிற்று, போட்டி ஆணையமும் விசாரணையில் இறங்கியது. ஒப்பந்தக்காரர்கள் கூலிக்காரனின் நண்பர்கள் அல்லர். அவர்களுக்கே பொறுக்கவில்லை!

சர்க்காரின் கையும் இதில் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க் கம்பிக்கு 180 ரூபாய் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் சிமெண்டு வரியை 28லிருந்து 18 சதவீதமாக்கியவர்கள் கம்பியைத் தொடவில்லை. கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் என்று 2024ல் நிர்ணயித்தார்கள். இடையில் கம்பி விலை ஏறினால் அந்தப் பாரம் கூலிக் குடும்பத்தின் தலையில்தான் விழும்.

நாம் கேட்பது இவ்வளவே. கம்பி மீதான வரியைக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் ஆலைவாசல் விலையையும் அடக்கச் செலவையும் மாதந்தோறும் பகிரங்கமாக வெளியிட வேண்டும். கோவைப் புகாரில் தொடங்கிய விசாரணையின் முழு அறிக்கையும் தமிழில் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும்.