எழுத்தை உடைக்கலாம், ஆனால் எந்த இடத்தில்?

பொங்கல் விழாவுக்கு நம் சங்கத்து இளைஞர்கள் தயாரித்த சுவரொட்டியைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை. எழுத்துகள் சாய்ந்தும், ஒன்றன்மேல் ஒன்று ஏறியும், பாதியில் அறுந்தும் நிற்கின்றன. "என்ன அலங்கோலம் இது!" என்கிறார்கள் பெரியவர்கள். "இது பின்நவீனத்துவம், மாமா" என்கிறார்கள் பிள்ளைகள். நான் பிள்ளைகள் பக்கம்தான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு.

இந்தப் பாணிக்கு வழிகாட்டியவர்களில் முக்கியமானவர் வோல்ப்காங் வைங்கார்ட். சுவிட்சர்லாந்தின் பாசல் நகர வடிவமைப்புப் பள்ளியில் 1968 முதல் பாடம் சொல்லித்தந்தவர். நேர்கோடு, சீரான இடைவெளி என்று இறுகிக் கிடந்த சுவிஸ் முறையை அவர் கலைத்துப் போட்டார். அவரிடம் பயின்ற ஏப்ரல் கிரைமன், அமெரிக்காவில் 1986-இல் மக்கின்டாஷ் கணினியைக் கொண்டு தம் முழு உருவத்தையே பெரிய மடிப்புச் சுவரொட்டியாக்கி, ஒரு பத்திரிகையின் இதழாகவே வெளியிட்டார். ஆனால் வைங்கார்ட் முதலில் கற்றது அச்சுக்கோக்கும் தொழில். ஈய எழுத்துகளைக் கையால் கோத்துப் பழகியவர். எந்த போல்ட்டைக் கழற்றினால் பெட்டி நிற்கும், எதைக் கழற்றினால் விழும் என்று பணிமனையில் முதலில் கற்றுக்கொள்வோமே, அதுபோல.

நம்மவர் ஓவியர் ஆதிமூலமும் (1938–2008) புத்தக அட்டைகளிலும் பத்திரிகைத் தலைப்புகளிலும் தமிழ் எழுத்தை முரட்டுக் கோடுகளால் புதிதாக்கினார். அவர் எழுதிய தலைப்பு எதையும் படிக்க முடியாமல் நான் திண்டாடியதில்லை.

ஆங்கிலச் சொல்லின் கீழ்ப்பாதியை மறைத்தாலும் பெரும்பாலும் படித்துவிடலாம். தமிழின் சங்கதி வேறு. 'பொ' என்ற ஓர் எழுத்துக்கே மூன்று துண்டுகள். நம் சுவரொட்டியில் கொம்பு ஒரு பக்கம் பறக்கிறது. கால் விலகிப்போய் 'ர' ஆகிவிட்டது. புள்ளிகள் அலங்காரப் பொட்டுகளோடு கலந்துவிட்டன. ஆனந்தபாக்கிலிருந்து வரும் ஒரு சிறுவன் அதை "பெரங்கல" என்று படித்தான். சிரித்தார்கள். அவன் படித்ததில் தவறே இல்லை; அங்கே இருப்பது அதுதான்.

அவன் பள்ளியில் தெலுங்கு, இந்தி, ஆங்கிலம். தமிழ் ஞாயிறு வகுப்பில் மட்டும். மல்காஜ்கிரி ஸ்டேஷன் பலகையில் தமிழ் கிடையாது, கடைத்தெருவிலும் கிடையாது. இவ்வளவு பெரிய தமிழ் எழுத்தை அவன் வெளியில் பார்ப்பது இந்தச் சுவரொட்டியில்தான்.

பெரியவர்களுக்கும் ஒன்று. எழுத்து மாறினால் தமிழ் போய்விடாது. தும்பிக்கை வைத்த 'லை'யை 1978 அரசாணை மாற்றியது. நான் இன்றும் பழைய மாதிரிதான் எழுதுகிறேன், என் பேத்தி புதிய மாதிரி எழுதுகிறாள். ஒருவர் கடிதத்தை மற்றவர் படிக்கத்தான் செய்கிறோம்.

ஆகவே என் நிபந்தனை இதுதான். கொம்பு, கால், புள்ளி மூன்றும் தத்தம் எழுத்தை விட்டுப் பிரியக்கூடாது. சாய்ப்பதானால் முழு எழுத்தையும் சேர்த்துச் சாய்க்கட்டும். தேதி, நேரம், மண்டபம் மட்டும் ஒரே வரியில் நேராக இருக்கட்டும். மற்றபடி தலைகீழாகக்கூடத் தொங்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

சித்திரை விழாச் சுவரொட்டியை அச்சகத்துக்கு அனுப்புமுன் ஞாயிறு வகுப்பில் ஒட்டிப் பாருங்கள். மூன்று குழந்தைகள் சரியாகப் படித்துவிட்டால் அச்சடிக்கலாம்.