சாலட் கீரைக்கு மக்கிய குப்பை போதுமா?

பெங்களூர் ஓட்டல்களிலும் பர்கர் கடைகளிலும் பச்சையாகவே பரிமாறப்படும் லெட்யூஸ் கீரையை ரசாயன உரமின்றி, நகரத்துக் குப்பையை மக்கவைத்த எருவைக் கொண்டே பயிரிடலாம் என்ற பேச்சு பலமாக அடிபடுகிறது. பேச்சு நல்லதுதான். ஆனால் கணக்கை யார் பார்க்கிறார்கள்?

45 கிலோ யூரியா மூட்டையில் ஏறக்குறைய 21 கிலோ தழைச்சத்து இருக்கிறது. மானியத்தின் தயவால் அது முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதே தழைச்சத்துக்குக் குப்பை எரு இரண்டரை டன்னுக்குக் குறையாமல் வேண்டும். அதிலும் முழுச் சத்தும் முதல் போகத்திலேயே பயிருக்குக் கிடைத்துவிடாது. லெட்யூஸோ இரண்டு மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும் பயிர். யூரியாவை நாடும் விவசாயியைக் குறை கூறிப் பயனில்லை.

எனினும் யூரியா மிஞ்சினால் இலையில் நைட்ரேட் சேர்கிறது. கீரை கொழுத்து வளர்ந்து சீக்கிரம் அழுகுகிறது. பெங்களூர், கோலார் பக்கத்துச் செம்மண்ணுக்கு எரு சேர்ந்தால்தான் ஈரம் நிற்கும். லெட்யூஸின் வேர் ஆழமாகப் போகாததால் மேல்மண்ணில் ஈரம் நிற்பதே அதற்குப் பெரிய உதவி. ஒரேயடியாக யூரியாவை நிறுத்தாமல், மண்ணைப் பரிசோதித்து, போகத்துக்குப் போகம் குறைத்து வருவதே நஷ்டமில்லாத வழி.

இந்த ஊருக்கு எரு புதிதல்ல. 1939-ல் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் டாக்டர் சி. என். ஆச்சார்யா வகுத்த கம்போஸ்ட் முறை இன்றும் பாடநூல்களில் 'பெங்களூர் முறை' என்றே வழங்குகிறது. குழியில் குப்பையையும் மலக்கழிவையும் அடுக்கடுக்காகப் போட்டு, மண் பூசி, ஆறு முதல் எட்டு மாதம் விடவேண்டும். 1975-ல் கர்நாடக அரசு இதற்கென ஒரு கம்போஸ்ட் கழகத்தையே அமைத்தது.

ஆச்சார்யா காலத்துக் குப்பை வேறு, இன்றைய குப்பை வேறு. இன்று பாட்டரி, பல்பு, பெயிண்ட் டப்பா எல்லாம் ஒரே தொட்டியில் விழுகின்றன. அதில் உள்ள ஈயமும் காட்மியமும் மக்குவதில்லை. காட்மியத்தை மண்ணிலிருந்து எளிதில் உறிஞ்சும் பயிர்களில் லெட்யூஸும் ஒன்று. எரு அரைகுறையாக மக்கியிருந்தால் நோய்க்கிருமியும் கூடவே வரும். வேகவைக்காமல் உண்ணும் கீரையில் இது விளையாட்டல்ல. சட்னிக்கு அரைக்கும் கொத்துமல்லிக்கும் இதே கதிதான்.

மண்டூர் கிராமத்தார் போராடி, 2014-ல் அங்கே குப்பை கொட்டுவதை நிறுத்தவைத்தார்கள். அதற்கு இரண்டாண்டு முன்பே, குப்பையை வீட்டிலேயே தரம் பிரிக்கவேண்டும் என்று பெங்களூரில் உத்தரவானது. பிரித்துக் கொடுத்ததை மீண்டும் ஒரே லாரியில் கலந்துவிடுவதானால் உத்தரவு எதற்கு? காய்கறிக் கழிவை மட்டும் தனியே மக்கவைத்து, பரிசோதனை முடிவை மூட்டை மேலேயே அச்சிட்டு விற்கட்டும். விவசாயி நம்பி வாங்குவான்.

2016-ல் மத்திய அரசு நகரக் குப்பை எருவுக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவி அறிவித்தது. அது விற்பனை செய்யும் கம்பெனிகளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. விவசாயியின் முதுகை ஒடிப்பது வண்டிக்கூலி. ஓசூரிலிருந்தும் மாலூரிலிருந்தும் காய்கறி ஏற்றி வந்து காலியாகத் திரும்பும் லாரிகளில், அந்தக் கூலியை அரசே ஏற்று எருவை அனுப்பிவைக்க அதிகாரிகள் ஏற்பாடு செய்வார்களா?